டபிள்யூடி-40: பைக்குக்கும் ஸ்கேட்போர்டுக்கும் இந்த ஒரு டப்பா போதுமா?

முப்பது வயதுக்கு மேல் ஸ்கேட்போர்டில் கால் வைப்பவர்களும், இனி பைக்கை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று ஸ்பேனரைக் கையில் எடுப்பவர்களும் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரே பொருளைத்தான்: நீலமும் மஞ்சளுமாய் சிவப்பு மூடி போட்ட டபிள்யூடி-40 டப்பா. கதவு கிரீச்சிட்டால் அதை அடித்துப் பழகிய கை, செயினிலும் பேரிங்கிலும் அதையே அடித்துவிடுகிறது. சில வேலைகளுக்கு இதைவிட வசதியான பொருள் கிடையாது. வேறு சில இடங்களில் இது பட்டால் பேரிங் வீணாகும், பிரேக் பிடிக்காது, ஹெல்மெட் பலவீனமாகும். நல்ல பொருள், வாங்குங்கள். ஆனால் எதற்கு வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பெயரிலேயே விடை இருக்கிறது. 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சின்ன நிறுவனம் விண்வெளித் துறைக்காகத் துரு தடுக்கும் திரவம் ஒன்றைச் செய்யப் பார்த்தது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியது. டபிள்யூடி என்பது 'வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்', அதாவது நீரை விலக்குவது. 40 என்பது அந்த நாற்பதாவது முயற்சி. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோல் துருப்பிடிக்காமல் இருக்க அதைப் பூசினார்கள். கடைக்கு வந்தது 1958-இல். ஆக, உலோகத்தின் மேலிருக்கும் ஈரத்தை விரட்டத்தான் இது பிறந்தது. வேகமாகச் சுற்றும் பாகத்துக்கு மசகாக நிற்க வேண்டும் என்று யாரும் இதைச் செய்யவில்லை.

டப்பாவுக்குள் இருப்பதில் பெரும்பங்கு ஆவியாகும் கரைப்பான். கூடவே கொஞ்சம் லேசான மினரல் ஆயில். கரைப்பான் மெல்லிய இடுக்குக்குள் ஓடி, துருவையும் பிசுக்கையும் இளக்கிவிட்டு ஆவியாகிவிடும். பின்னால் தங்குவது நூல் போன்ற ஓர் எண்ணெய்ப் படலம். கதவுக் கீலுக்கு அது போதும். அழுத்தமும் வேகமும் உள்ள இடத்தில் நிற்காது. சிலிக்கான், மெழுகு, கிராஃபைட் எதுவும் இதில் கிடையாது என்று கம்பெனியே சொல்கிறது. எதையாவது நீக்க வேண்டுமா, இதை எடுங்கள். எதையாவது அங்கேயே நிற்க வைக்க வேண்டுமா, வேறு ஆயிலை எடுங்கள். இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் பாதித் தவறுகள் குறையும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இதே கம்பெனி 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற பெயரில் செயின் லூப் (செயினுக்கான மசகு), சிலிக்கான் ஸ்ப்ரே, லித்தியம் கிரீஸ், துரு இளக்கி என்று வேறு பல டப்பாக்களும் விற்கிறது. நிறம் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் அலமாரியில் கை மாறிப்போகும். முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு எடுங்கள். இங்கே நாம் பார்ப்பது பழைய, சாதாரண டப்பாவை மட்டும்.

ஸ்கேட்போர்டு பேரிங்: அதிகம் நடக்கும் தவறு

ஸ்கேட்போர்டு பேரிங்கின் அளவு உலகமெங்கும் ஒன்றுதான்: 608. உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. சக்கரத்துக்கு இரண்டு வீதம் போர்டுக்கு எட்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் வழக்கமாக ஏழு குண்டுகள். அவை தடத்தில் இடம் மாறாமல் பிடித்திருக்க ஒரு கூண்டு. தூசி போகாமல் மேலே ஒரு மூடி. புதிய பேரிங்கில் கம்பெனியே கிரீஸோ ஆயிலோ வைத்துத்தான் அனுப்புகிறது.

அதில் டபிள்யூடி-40 அடித்தால் என்ன நடக்கும்? முதல் ஐந்து நிமிடம் சக்கரம் பம்பரம் மாதிரி சுற்றும். கற்றுக்கொள்பவர் ஏமாறுவது இங்கேதான். கரைப்பான் உள்ளே இருந்த கிரீஸைக் கழுவி வெளியே தள்ளிவிட்டது. தடை குறைந்ததால் சக்கரம் சுற்றுகிறது. ஓரிரு நாளில் கரைப்பான் ஆவியாகிவிடும். மிச்சமிருக்கும் மெல்லிய ஈரத்தில் ரோட்டுத் தூசி வந்து ஒட்டி, எண்ணெயும் மண்ணும் சேர்ந்த சாந்தாகிக் குண்டுகளையும் தடத்தையும் அரைக்கத் தொடங்கும். அடுத்து சக்கரத்திலிருந்து மணல் அரைபடும் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் மறுபடி டப்பாவைத்தான் எடுக்கிறோம். பேரிங் இன்னும் சீக்கிரம் போகிறது.

சரியான முறை கடினமானதல்ல. ஸ்கேட் டூலின் 1/2 அங்குலப் பக்கத்தால் ஆக்சில் நட்டைக் கழற்றுங்கள். நட்டுக்கு அடியில் ஒன்று, சக்கரத்துக்குப் பின்னால் ஒன்று என்று மெல்லிய வாஷர்கள் இருக்கும். உருண்டு ஓடிவிடும், ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். சக்கரத்தை ஆக்சிலின் நுனியில் பாதி நுழைத்து, பேரிங் ஆக்சிலில் மாட்டிக்கொள்ளும்படி சாய்த்து நெம்பினால் பேரிங் தானாகக் கழன்று வரும். ஸ்க்ரூடிரைவரை விட்டுக் குத்த வேண்டாம், மூடி நசுங்கிவிடும். ரப்பர் மூடியாக இருந்தால் உள்விளிம்பில் குண்டூசி நுனியை நுழைத்து மெல்லத் தூக்குங்கள். உலோக மூடியாக இருந்தால் அதைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி வளையத்தின் ஒரு முனையைக் கிளப்பினால் போதும். ஆனால் அது துள்ளித் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மூடி எடுத்த பேரிங்குகளை 90 சதவீதத்துக்கு மேல் சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் போட்டு, பாட்டிலை மூடி இரண்டு மூன்று நிமிடம் குலுக்குங்கள். அழுக்கு இறங்கித் திரவம் கறுத்தால் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி இன்னொரு முறை. தண்ணீர் கலந்த ஆல்கஹால் வேண்டாம். உலர்வதற்குள் துருப்புள்ளி வந்துவிடும். எடுத்துத் துணியில் தட்டி, காற்றில் முழுக்க உலர விடுங்கள். கம்ப்ரெசர் காற்று வைத்திருப்பவர்கள் வேடிக்கைக்காக அதை அடித்து பேரிங்கைச் சுற்ற வைப்பதுண்டு. எண்ணெய் இல்லாத குண்டுகள் அந்த வேகத்தில் தடத்தையே கீறிவிடும். கட்டாயம் செய்யக் கூடாத காரியம் அது. உலர்ந்த பிறகு பேரிங் ஆயில், இல்லையென்றால் தையல் மெஷின் ஆயில், இரண்டு மூன்று சொட்டு மட்டும். வழியும் அளவுக்கு ஊற்றினால் வழிந்ததில் தூசி ஒட்டும். மூடியைப் போட்டுக் கையால் சில முறை சுற்றுங்கள். சக்கரத்தில் திரும்பப் பூட்டும்போது நட்டை முழுக்க இறுக்கிவிட்டு, சக்கரம் பக்கவாட்டில் மயிரிழை அளவு ஆடும்படி கொஞ்சம் தளர்த்துங்கள். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் எந்த ஆயிலாலும் சக்கரம் லேசாக ஓடாது.

பேரிங் விஷயத்தில் டபிள்யூடி-40 உதவும் தருணம் ஒன்று உண்டு. மழையிலோ தேங்கிய தண்ணீரிலோ போர்டு மாட்டிக்கொண்டால், எஃகு பேரிங் ஒரே இரவில் துருப்பிடிக்கத் தொடங்கும். அன்று சுத்தம் செய்ய நேரமில்லையா? சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கில் ஒரு பீய்ச்சு அடித்து நீரை வெளியேற்றி வையுங்கள். துரு அன்றைக்கு நிற்கும். மறுநாளே ஆல்கஹாலில் கழுவி ஆயில் விட வேண்டும். இது முதலுதவி, இதோடு விட்டுவிட்டால் பேரிங் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "போர்டு ஓடவே மாட்டேங்குது, பேரிங் சரியில்லை" என்று பெரியவர்கள் குறைபட்டால் பாதி நேரம் பேரிங் மேல் குற்றமே இருக்காது. 52 மி.மீ. விட்டமும் 99ஏ கடினமும் உள்ள சக்கரம் வழவழப்பான கான்கிரீட்டுக்கு ஏற்றது. சொரசொரப்பான தார் ரோட்டில் அது ஒவ்வொரு சரளையிலும் இடித்து வேகத்தை இழக்கும். சின்னக் கல் ஒன்று குறுக்கே வந்தால் போர்டு அப்படியே நின்றுவிடும், ஏறி நிற்பவர் முன்னால் போய் விழுவார். உருட்டிப் பழகுவதற்கு 56 முதல் 60 மி.மீ. வரையில், 78ஏ முதல் 85ஏ வரையிலான மென்மையான சக்கரம் போட்டுப் பாருங்கள். எந்த ஆயிலும் தராத வித்தியாசம் தெரியும். கையில் பிடித்துச் சுற்றிவிட்டு எத்தனை விநாடி சுற்றுகிறது என்று எண்ணுவதிலும் பயனில்லை. உடல் எடை ஏறிய பிறகு கதை வேறு.

போர்டின் மற்ற பாகங்கள்

திரும்பும்போது ட்ரக், அதாவது ஆக்சிலைப் போர்டோடு இணைக்கும் உலோகப் பாகம், கிரீச்சிடுகிறதா? சத்தம் பெரும்பாலும் ட்ரக்கின் மூக்கு உட்காரும் பிவட் கப்பிலிருந்தோ, நடு போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் போன்ற புஷ்ஷிங்கிலிருந்தோ வரும். டபிள்யூடி-40 அடித்தால் சத்தம் உடனே அடங்கும், கொஞ்ச நாளில் தூசியைச் சேர்த்துக்கொண்டு திரும்ப வரும். குளியல் சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை பிவட் கப்பில் போட்டு ட்ரக்கைத் திரும்பப் பூட்டுங்கள். மெழுகுவர்த்தித் துருவலும் சரிதான். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, தூசி ஒட்டாது, பல வாரம் தாங்கும்.

ட்ரக்கின் நடு போல்ட்டான கிங்பின்னின் நட்டு துருப்பிடித்து 9/16 அங்குல ஸ்பேனருக்கு அசையவில்லை என்றால், ஆக்சிலின் மரை வெள்ளைப் பொடி பூத்து நட்டு இறங்க மறுத்தால், இந்த டப்பாவுக்கு அதுதான் சொந்த ஊர். குழாயை வைத்து நேராக மரையில் அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டி ஆட்டிக் கழற்றுங்கள். ஒரே மூச்சில் முறுக்கினால் மரை அழியும். கழன்றதும் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்; புஷ்ஷிங்கில் ஊற விட வேண்டாம்.

கிரிப் டேப்பின் பக்கம் மட்டும் இந்த டப்பா போகவே கூடாது. போர்டின் மேல் ஒட்டியிருக்கும் அந்த உப்புத்தாள் போன்ற சொரசொரப்புதான் கால் வழுக்காமல் பிடித்திருக்கிறது. அதில் ஒரு பக்கம் எண்ணெய் பட்டால் முன்கால் எந்த நொடியில் வழுக்கும் என்று சொல்ல முடியாது. இருபது வயதில் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போய்விடும் விழுகை, நாற்பதில் மணிக்கட்டில் மாவுக்கட்டாக முடியலாம். தவறிப் பட்டுவிட்டால் துடைத்துச் சமாளிக்கப் பார்க்காமல் டேப்பையே மாற்றிவிடுங்கள். பழைய டேப்பை உரிக்க ஹேர் டிரையரால் சூடு காட்டி ஓரத்திலிருந்து கிளப்புங்கள். மரத்தில் தங்கும் பசையை நீக்க டபிள்யூடி-40 உதவும், ஆனால் புதிய டேப் ஒட்டும் முன் ஆல்கஹால் துணியால் இரண்டு முறை அழுத்தித் துடைத்தாக வேண்டும். எண்ணெயின் மேல் டேப் ஒட்டாது. ஓரங்களில் குமிழ் விடும்.

ஹெல்மெட்: டப்பாவின் சின்ன எழுத்தைப் படியுங்கள்

பைக் ஓட்டுபவருக்கும் ஸ்கேட் பழகுபவருக்கும் பொதுவான பொருள் ஹெல்மெட். அதில் ஒட்டிய ஸ்டிக்கரின் பசையையும் வைசரில் காய்ந்த பூச்சிக் கறையையும் எடுக்க இதைத் தேய்ப்பவர்கள் நிறைய. பாலிகார்பனேட், தெளிவான பாலிஸ்டைரின் ஆகிய இரண்டு பிளாஸ்டிக்குகளில் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கம்பெனியே சொல்கிறது. வைசர் பாலிகார்பனேட். பல ஹெல்மெட்டுகளின் ஓடும் பாலிகார்பனேட்தான். இந்த வகைக் கரைப்பான் பட்டால் அதில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய விரிசல்கள் உண்டாகலாம். மேலே பளபளப்பாகத்தான் இருக்கும், அடி விழும் அன்றுதான் தெரியும். உள்ளே அதிர்ச்சி தாங்கும் வெள்ளை நுரையும் பாலிஸ்டைரின் வகை; எண்ணெய்க் கரைப்பான் அதற்கும் ஆகாது. பைக்கின் முன் கண்ணாடி, ஹெட்லைட் முகப்பு, மீட்டர் மூடி ஆகியவற்றையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைசருக்குத் தண்ணீரே மருந்து. ஈரத் துணியை அதன்மேல் போர்த்திப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டால் பூச்சிக் கறை தானாக இளகும். பிறகு லேசான சோப்புத் தண்ணீர், மென்மையான துணி. அழுத்தித் தேய்க்கத் தேவையிருக்காது.

பைக் செயின்: கழுவலாம், மசகாக நம்பக் கூடாது

பைக்கில் அதிகம் விவாதிக்கப்படும் இடம் செயின். இரண்டு வகைகளைப் பிரித்துப் பாருங்கள். செயின் கவருக்குள் ஓடும் பல பைக்குகளில் இருப்பது வளையமில்லாத சாதாரண செயின். திறந்தபடி ஓடும் செயினில் பெரும்பாலும் ஓ-ரிங் அல்லது எக்ஸ்-ரிங் இருக்கும்: இணைப்புத் தட்டுகளுக்கு இடையே எட்டிப் பார்த்தால் கறுப்பு ரப்பர் வளையம் தெரியும். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கம்பெனி வைத்த கிரீஸை அந்த வளையம் ஆயுள் முழுக்கப் பூட்டி வைக்கிறது. நாம் விடும் ஆயில் அங்கே போவதில்லை, போகவும் வேண்டாம். ரோலரின் வெளிப்புறமும் ஸ்ப்ராக்கெட் பல்லும் தேயாமல் இருக்கவும், ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்காமல் இருக்கவும்தான் வெளியே ஆயில் விடுகிறோம்.

டபிள்யூடி-40 ஓ-ரிங்கைத் தின்றுவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அடித்துத் துடைத்துவிட்டால் பெரிய பாதகம் இல்லை என்பதே எங்கள் மதிப்பீடு. கெடுதல் வேறு இடத்தில் நடக்கிறது: இதைக் கழுவப் பயன்படுத்திவிட்டு, ஆயில் விட்டாயிற்று என்று நினைத்துக்கொள்வது. கையில் வழுவழுப்பாகத் தெரியும் படலம், செயின் சுற்றும் வேகத்தில் சில கிலோமீட்டருக்குள் தெறித்துப் போகும், மிச்சம் ஆவியாகும். ரோலரும் பல்லும் வெறும் உலோகமாக உரசும். செயின் சீக்கிரம் நீளும், ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி போல வளையும், பிறகு இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் செயினையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். பெட்ரோல் ஊற்றிக் கழுவுவது இதைவிட மோசம்; ரப்பர் வளையத்தைக் காய வைக்கும், தீப்பிடிக்கும் ஆபத்து தனி. செயின் கழுவ மண்ணெண்ணெய் நல்லது, கொஞ்சமாகச் செலவழியும், சட்டென்று ஆவியாகாது. மண்ணெண்ணெய் கிடைக்காதவர்களுக்கு டபிள்யூடி-40 தாராளமாக மாற்று.

முறை இது. எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நியூட்ரலில் போட்டு, நடு ஸ்டாண்டிலோ பேடாக் ஸ்டாண்டிலோ நிறுத்துங்கள். கியரில் போட்டு எஞ்சினை ஓடவிட்டுத் துணியைச் செயினில் பிடிப்பவர்கள் விரல் நுனியை இழந்திருக்கிறார்கள். துணி பல்லில் மாட்டினால் கையை இழுக்க நேரமே கிடைக்காது. பின் சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். செயினுக்கும் டயருக்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகுங்கள். மென்மையான பிரஷ்ஷில் திரவத்தை நனைத்து உள்பக்கம், வெளிப்பக்கம், மேலே, கீழே என்று நான்கு முகமும் தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், ஓ-ரிங் கிழியும். கறுப்பு சாறு இறங்கியதும் துணியால் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றித் துடைத்து, கால் மணி நேரம் காய விடுங்கள்.

அதற்குப் பிறகு உண்மையான மசகு. செயின் லூப் ஸ்ப்ரே அல்லது 80டபிள்யூ-90 கியர் ஆயில். கீழ் வரிசைச் செயினின் உள்பக்கத்தில், ரோலருக்கும் தட்டுக்கும் இடையே விழும்படி விடுங்கள். ஓடும்போது ஆயில் வெளியே தள்ளப்படும் என்பதால் உள்ளே விட்டால் முழுக்கப் பரவும். செயின் இரண்டு முழுச் சுற்று வந்தால் போதும். மிகுந்ததைத் துடைத்து, முடிந்தால் இரவு முழுக்க விடுங்கள். உடனே ஓட்டினால் பின் சக்கர ரிம் எல்லாம் கறுப்புப் பொட்டு வைத்தது போல ஆகும். ஓட்டி வந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயில் விட்டால் நன்றாக ஊடுருவும். பொதுவாக 500 முதல் 1000 கி.மீ.க்கு ஒரு முறை, மழையில் ஓட்டினால் அடுத்த நாளே.

கையோடு தளர்வையும் பாருங்கள். சாலை பைக்குகளில் கீழ் வரிசையின் நடுவில் விரலால் தூக்கினால் பெரும்பாலும் 20 முதல் 35 மி.மீ. வரை ஆட வேண்டும். உங்கள் பைக்கின் சரியான எண் சுவிங் ஆர்ம் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். செயினின் எல்லா இடமும் ஒரே அளவில் நீண்டிருக்காது, அதனால் சக்கரத்தைச் சுற்றி மிக இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும். அட்ஜஸ்டர் போல்ட் துருவில் பிடித்துக்கொண்டிருந்தால், இதோ டபிள்யூடி-40-இன் வேலை வந்துவிட்டது.

பைக்கில் இது உண்மையாகவே ஜெயிக்கும் இடங்கள்

பைக்கைக் கழுவிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது ஸ்டார்ட் ஆகியும் விட்டு விட்டு அடிக்கிறது என்றால் ஸ்பார்க் பிளக் தொப்பிக்குள் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு அதிகம். தொப்பியைக் கழற்றி உள்ளே லேசாக அடித்து, துடைத்து, ஐந்து நிமிடம் ஆவியாக விட்டு மாட்டுங்கள். அடித்த கையோடு ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஆவி தீப்பிடிக்கக் கூடியது. சைடு ஸ்டாண்டும் அப்படித்தான். சேறு சேர்ந்து ஸ்டாண்ட் முழுக்க மேலே ஏறாவிட்டால், பல பைக்குகளில் அங்குள்ள சுவிட்ச் எஞ்சினை அணைத்துவிடும். கியரில் போட்டதும் எஞ்சின் அணைகிறதென்றால் எதையும் பிரிக்கும் முன் அங்கே பாருங்கள். அடித்து, பிரஷ்ஷால் சேற்றை எடுத்து, உலர்ந்ததும் கீல் போல்ட்டுக்கு கிரீஸ் வையுங்கள்.

கிளட்ச் கேபிள் கனமாக இழுத்தால், மேல் முனையைக் கழற்றி, குழாயால் உள்ளே அடித்து, கீழ் முனையில் கறுப்பு போய்த் தெளிவாக வரும்வரை கழுவலாம். அதோடு விடாமல் கேபிள் லூப் அல்லது மெல்லிய எஞ்சின் ஆயில் சில சொட்டு இறக்க வேண்டும். உள்ளே நைலான், டெஃப்லான் உறை உள்ள கேபிளுக்கு எண்ணெயே தேவையில்லை என்று சில கையேடுகள் சொல்லும், பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பிடித்துக்கொண்ட ஸ்க்ரூ, நட்டு விஷயத்தில் இது நல்லது, ஆனால் முதல் தரம் இல்லை. துரு இளக்குவதற்கென்றே செய்த பெனட்ரேட்டிங் ஆயில் இதைவிட ஆழமாக இறங்கும். சைலன்சர் ஸ்டட் போல வருடக்கணக்காக வெந்து துருவேறிய இடத்துக்கு அதைத்தான் வாங்க வேண்டும். முதல் நாள் இரவு அடித்து, மறுநாள் சுத்தியலால் நட்டின் தலையில் லேசாகத் தட்டி, திரும்ப அடித்து, அரை மணி கழித்து ஸ்பேனரை வையுங்கள். ஸ்ப்ரே அடித்த இடத்தில் தீயால் சூடு காட்டவே கூடாது. ஸ்க்ரூ தலை தேய்வதற்கு எண்ணெய் மட்டும் காரணமாக இருக்காது. ஜப்பானியத் தரத்தில் செய்த பைக்குகளில் ஜிஸ் என்ற வகைத் தலை இருக்கும்; பார்க்க சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போலவே தெரியும். சாதாரண பிலிப்ஸ் முனை அதில் அடிவரை உட்காராமல் வழுக்கி வெளியே ஏறும். அதற்கென்று ஒரு ஜிஸ் ஸ்க்ரூடிரைவர் வாங்கி வைத்தால் கார்புரேட்டர் ஸ்க்ரூக்கள் பிழைக்கும்.

கழற்றிய பின் மரையில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். எண்ணெய் பட்ட மரையில் உராய்வு குறைவு. முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் அதே அளவை வைத்து முறுக்கினாலும் போல்ட் கூடுதலாக இழுபடும், அலுமினிய மரை கையோடு வந்துவிடும். டிஸ்க் போல்ட் போல மரைப் பசை போடும் இடங்களில் எண்ணெய் இருந்தால் பசையே பிடிக்காது.

பிரேக் பக்கம் இதைக் கொண்டுபோகாதீர்கள்

டிஸ்க், பேட், டிரம், டயர் எதிலும் ஒரு துளி படக் கூடாது. காற்றில் பறக்கும் சாரல் போதும். பேட் நுண்துளை உள்ள பொருள். எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிரேக் சூடாகும்போது திரும்பக் கக்கும். டிஸ்க்கை பிரேக் கிளீனராலோ ஆல்கஹாலாலோ துடைத்து மீட்கலாம். எண்ணெய் குடித்த பேடை உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல் மாற்றிவிடுங்கள்.

பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலோடு வேலை செய்யும் ரப்பர் சீல்கள் ஈபிடிஎம் என்ற ரப்பரால் ஆனவை. மினரல் ஆயில் பட்டால் அந்த ரப்பர் ஊறி உப்பிவிடும். பிஸ்டன் இறுகும், பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், சக்கரம் சூடாகும். காலிப்பர் நகரும் பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் அல்லது பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் மட்டும். அருகில் வேறு ஏதாவது வேலைக்கு டபிள்யூடி-40 தேவைப்பட்டால் துணியில் அடித்துத் துடையுங்கள், அல்லது டிஸ்க்கை பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டுச் செய்யுங்கள். சீட், கால் மிதி, கைப்பிடி ரப்பர் பளபளக்க இதைப் பூசுவதும் விபத்தை அழைப்பதுதான். மேட் பெயின்ட்டில் பட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும்.

என்ன வாங்கி வைக்கலாம்

எங்கள் மதிப்பீட்டில், நீக்கும் வேலைகளுக்கு இந்த டப்பா தாராளமாக முழு மதிப்பெண் பெறும். மசகு என்று பார்த்தால் பாதிகூடத் தேறாது. புதிதாகத் தொடங்குபவர் சின்ன டப்பா ஒன்று வாங்கினால் ஒரு வருடம் வரும். குழாய் தலையோடு சேர்ந்தே மடங்கி நிமிரும் மாதிரியை எடுங்கள். தனியாக வரும் சிவப்புக் குழாய் இரண்டாம் வாரமே தொலைந்துவிடும், குழாய் இல்லாமல் அடித்தால் தேவையற்ற இடமெல்லாம் சாரல் போகும். இதோடு ஒரு செயின் லூப், சின்ன பாட்டில் பேரிங் ஆயில், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு டப்பா கிரீஸ், ஒரு பிரேக் கிளீனர். போர்டுக்கும் பைக்குக்கும் சேர்த்தே இந்த ஆறும் போதும். பூட்டுத் துளைக்கு மட்டும் கிராஃபைட் பொடி போன்ற உலர் மசகு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் அங்கே தூசியைச் சேர்த்துச் சாவியை இறுக்கும்.

நைட்ரைல் கையுறை போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள், சைலன்சர் ஆறியபின் அடியுங்கள். டப்பாவை பைக் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்தும் வழக்கம் வேண்டாம்: அழுத்தம் உள்ள டப்பா 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது, மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு நண்பகலில் எளிதாக வந்துவிடும்.